எழுத்து மாறக் கூடாது

எங்கள் கணக்கு வாத்தியாருக்குத் தேற்றங்கள் மனப்பாடம். கணக்குத் தெரியாது. ஒன்பதாவதில், முக்கோணத்துக்கு ஏ, பி, சி போடாமல் வேறு எழுத்துகள் போட்டதற்காக என் புறங்கையில் ஸ்கேலால் அடித்தார். வீங்கிய கையோடு எங்கள் ஊரான அடி அண்ணாமலைக்கு நடந்து வந்தேன்.

வீட்டில் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை, எஸ்.எஸ்.எல்.சி. கணக்குப் பரீட்சைக்கு மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். தேறினால் டீச்சர் டிரெயினிங். தேறாவிட்டால் கீழ்பென்னாத்தூர் மாப்பிள்ளை. மூன்றாம் முறை எழுத விட்டதே தன் பெருந்தன்மை என்று அப்பா நினைத்தார். மாப்பிள்ளையின் போட்டோவை அத்தை கையில் வாங்கவே இல்லை.

அவள் ஒப்பிப்பாள். நான் புத்தகத்தை வைத்துச் சரிபார்ப்பேன். இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம் என்ற தேற்றத்தில் அன்று நிறுத்தினாள்.

"ஏன்டா, எழுத்து எதுவா இருந்தா இன்னா? ரெண்டு பக்கம் சமமா இருந்தா போதாதா?"

"ஆவாது அத்த. எழுத்து மாறுனா முட்டதான்." வீங்கிய கையைக் காட்டினேன்.

"சரிங்க வாத்தியாரே" என்று கும்பிட்டாள்.

பரீட்சை எழுதிவிட்டுத் திரும்பியவளைப் பாதையிலேயே மறித்துக் கேட்டேன்.

"அந்தத் தேற்றம் மாதிரிதான்டா இருந்துச்சு. ஆனா பி, க்யூ, ஆர்னு குடுத்துட்டான். அந்த எழுத்தயே போட்டு முழுசா எழுதிட்டேன். அப்புறம் நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. வேற தேற்றம் போலன்னு பூராத்தையும் அடிச்சுட்டேன்."

"நல்ல வேள அத்த. அது நம்ம புக்குலயே இல்ல."

மூன்று மார்க்கில் போயிற்று. அந்தத் தேற்றத்துக்கு ஐந்து மார்க். "போதும்மா, முக்கோணம் போட்டது" என்றார் அப்பா. ஆவணியில் கல்யாணம்.

பந்தியில் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள் அத்தை. புத்தகத்தில் இல்லாததைக் கேட்டு அவளைக் கவிழ்த்துவிட்டான் என்று, கேள்வித்தாள் எடுத்தவனை நான் சத்தமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். பந்தியே கேட்டது. மாப்பிள்ளைகூடச் சிரித்தார். அத்தை தன் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து என் இலையில் வைத்தாள். அவளுக்கு இனிப்பு பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துத் தின்றுவிட்டேன்.