வழியனுப்புகிறவர்

கயிற்றைப் பிடித்தே விண்வெளிக்கு ஏறிப் போகும் வண்டி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்பது எங்கள் குழுவின் கனவு. அதன் சிறு மாதிரியை ஆலத்தியூர் பக்கம், வேலை நின்றுபோன ஒரு சுண்ணாம்புக்கல் பள்ளத்தில் சோதித்துக்கொண்டிருந்தோம். பலூன் உயரத்தில் நிற்கும். அதிலிருந்து தரைக்கு வரும் கயிற்றில் இயந்திரம் ஏறும், இறங்கும்.

அங்கே காவலுக்கு இருந்தவர் நெட்டையான மனிதர். புருவத்தில் எப்போதும் வெள்ளைத் தூசி. ஒவ்வொரு முறை இயந்திரம் கிளம்பும்போதும் எழுந்து நின்று, "போயிட்டு வாப்பா" என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார்.

கடைசி நாள், இயந்திரத்தை உச்சியிலிருந்து விழவிட்டு, எப்படி உடைகிறது என்று பார்க்க வேண்டும். காலையிலேயே அவரிடம் சொல்லியிருந்தோம். இயந்திரம் கிளம்பியது. அவர் எழுந்து நின்று, அண்ணாந்து பார்த்தார்.

"என்னண்ணே, இன்னிக்கு வழியனுப்பலையா?" என்றேன்.

"திரும்பாதுன்னு தெரிஞ்சிக்கிட்டே வான்னு சொல்ல வாய் வரலீங்க சார்."

அது சிறு புள்ளியாகும்வரை அவர் உட்காரவில்லை. முன்பு யாரை அப்படி அனுப்பிவைத்தார் என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை.