கத்தாமல் விளையாடிய அணி

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஷிப்ட் பஸ் மாதா கோயில் நிறுத்தத்தில் நின்றது. ஆரோக்கியமேரி அக்கா ஏறவில்லை. அவர் தெருக்காரர் ஒருவர் படிக்கட்டருகே வந்து, "மேரி போயிருச்சுப்பா" என்றார். "எங்க போயிருச்சு?" என்று கேட்டார் டிரைவர். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. மேரி அக்கா எப்போதும் எங்காவது போகிறவர்தான். போன மாதம் திண்டுக்கல்லுக்கு ஸ்கேட்டிங் பார்க்கப் போனார். அதற்கு முன்னால் யாரோ ஒருவர் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகப் போனார். தெருக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். பஸ்ஸில் இருந்த எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

அவருக்கு வயது நாற்பத்திரண்டு. வேடசந்தூர் பக்கத்து நூற்பாலை ஒன்றில் பத்தொன்பது வருடமாக சைடர் வேலை. மில்லைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஓடுகிற இயந்திரத்தின் ஓரமாக எட்டு மணி நேரம் நடந்துகொண்டே, அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டு போவதுதான் அந்த வேலை. நான் அதே மில்லில் தரம் பார்க்கும் அறையில் இருக்கிறேன். என்னுடையது உட்கார்ந்து செய்கிற வேலை. அவரோடு மில்லில் பழகியதைவிட மைதானத்தில் பழகியதுதான் அதிகம்.

அவரை அறிந்த உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில் உங்களில் சிலர் பேசியதை நானும் கேட்டேன். "நாப்பது வயசுக்கு மேல பந்து வெளாடப் போனா நெஞ்சு தாங்குமா?" என்றார் ஒருவர். "இனி மத்ததுகளையாவது வீட்ல இருக்கச் சொல்லுங்கப்பா" என்றார் இன்னொருவர். மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எதனால் வந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. ஆனால் பத்தொன்பது வருடம் பஞ்சுத் தூசியில் நடந்தது ஒருவருக்கும் நினைவு வரவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் சிரித்துக்கொண்டே ஓடியதுதான் நினைவுக்கு வந்தது. அந்த ஒரு மணி நேரத்தை எங்களிடமிருந்து பிடுங்க ஒரு சாவு கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த நேரத்தை யாரும் எங்களுக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பஞ்சாயத்து மைதானத்தில் பையன்கள் வருடம் முழுக்க கிரிக்கெட் ஆடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேரி அக்கா நேராக பிட்ச் நடுவில் போய் நின்று, பந்தைக் கேட்டு வாங்கி உருட்டிப் பார்த்தார். "இது ஏன் இம்புட்டு கனமா இருக்கு? உள்ள என்ன வச்சிருக்காங்க?"

"மேரிக்கா, ஓரமா போங்க. பந்து பட்டுரும்."

"படட்டும்லே. பட்டா எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கிறேன்."

பையன்கள் சிரித்தார்கள். அவர் நகரவில்லை. ஞாயிறு சாயங்காலம் நாலரையிலிருந்து ஐந்தரை வரை பெண்களுக்கு வேண்டும் என்றார். "இது எங்க கிரவுண்டுக்கா" என்றான் அணித் தலைவன். "போர்டுல பஞ்சாயத்துன்னுதான எழுதியிருக்கு? ஒம் பேரு எங்க இருக்கு, காட்டு, நான் போயிர்றேன்" என்றார். மூன்று வாரம் இப்படியே நடந்தது. நான்காவது வாரம் அவர்களே ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். மனம் மாறிப் போனார்கள் என்று நான் எழுத மாட்டேன். சலித்துப்போய்ப் போனார்கள்.

ஸ்கேட்டிங் கதையை நான் கூட இருந்து பார்த்தேன். பயிற்சி நடக்கும் இடத்தில் சொல்லிக்கொடுப்பவர், "இது சின்னப் பிள்ளைங்களுக்கு மட்டும்மா" என்றார். மேரி அக்கா அலமாரியைப் பார்த்தார். "அப்ப எங்காலு சைஸுக்கு எதுக்கு ஒரு ஜோடி வச்சிருக்கீங்க?" அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொடுத்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றவர் மூன்று தடவை விழுந்தார். முழங்கை சிராய்த்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார்: "வினோ, விழுகுறதுக்கு முன்னாடி செத்த நேரம் ஒண்ணு வருது பாரு, கையும் காலும் நம்ம பேச்சக் கேக்காத நேரம். அது நல்லா இருக்குடி." ஜெயிப்பதில் அவருக்குப் பெரிய ஆசை இருந்து நான் பார்த்ததில்லை. புதிதாக ஒன்றைச் செய்யும்போது உடம்பு என்ன செய்கிறது என்று பார்ப்பதில்தான் அவருக்கு ஆசை. இந்த ஆசை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று இன்னமும் யோசிக்கிறேன். ஒரே நடையைப் பத்தொன்பது வருடம் நடந்த காலுக்கு வேறு என்னதான் வேண்டியிருக்கும்?

கடைசியில் எங்களுக்கு அமைந்தது த்ரோபால். பக்கத்துக்கு ஏழு பேர் நின்று, வலைக்கு மேலாக வரும் பந்தைப் பிடித்து உடனே திருப்பி எறிய வேண்டும். விதிகளை நான் போனில் பார்த்துப் படித்துச் சொன்னேன். மில்லிலிருந்து ஏழு பேர் சேர்ந்தோம். மூன்று தெருக்களைச் சேர்ந்தவர்கள். ஒருத்தி வீட்டில் இன்னொருத்தி தண்ணீர் வாங்கிக் குடிக்காத தெருக்கள் அவை. மைதானத்தில் இருந்தது ஒரே தண்ணீர்க் கேன். முதல் நாள் மேரி அக்காதான் அதைத் தூக்கிக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்தவளிடம் நீட்டினார். தாகத்தில் எல்லாரும் குடித்தார்கள்.

முதல் மாதம் நாங்கள் செய்த தவறு வேறு எந்த ஊர் அணியும் செய்யாத தவறு. பந்து தலைக்கு மேல் வந்தால் பிடிக்கப் போகிறவள் "எனக்கு" என்று கத்த வேண்டும். இல்லாவிட்டால் இருவர் சேர்ந்து பிடித்துவிடுவார்கள். அப்படிப் பிடித்தால் புள்ளி எதிரணிக்கு. எங்கள் ஆட்கள் கத்தவில்லை. இயந்திரச் சத்தத்தில் கத்தி ஒரு பயனும் இல்லை என்று பழகியவர்கள். அங்கே எல்லாமே கைச் சைகைதான். மேரி அக்கா பந்தைப் பார்த்தபடி கையை உயர்த்தினார். மில்லில் உயர்த்திய கைக்கு என்ன அர்த்தம்? இழை நிறைய அறுகிறது, ஓடி வா. காளியம்மாள் அக்கா ஒரு பக்கமிருந்து ஓடி வந்தார், இன்னொருத்தி மறுபக்கமிருந்து ஓடி வந்தாள். மூவரும் முட்டிக்கொள்ள, பந்து நடுவில் பொத்தென்று விழுந்தது.

"ஏண்டி ஓடியாந்த?"

"நீதான மதினி கையத் தூக்குன!"

"பந்து எனக்குன்னு தூக்குனேன்டி!"

"ஒனக்குன்னா நெஞ்சுல கைய வையி. கையத் தூக்குனா நான் வரத்தான செய்வேன், கூலி வாங்குறேன்ல" என்றார் காளியம்மாள் அக்கா. புழுதியில் உட்கார்ந்து எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நெஞ்சில் கை வைத்தால் பந்து எனக்கு, கையைத் தூக்கினால் உதவிக்கு வா. கத்தச் சொல்லி நான் எவ்வளவோ சொன்னேன். "எங்களுக்கு வாய்தான் வரமாட்டேங்குது, கண்ணு இருக்குல்ல" என்றார் மேரி அக்கா.

பொங்கல் விளையாட்டுப் போட்டிக்குத் திண்டுக்கல் போனபோது எதிரில் ஒரு கல்லூரி அணி. அந்தப் பெண்கள் ஒவ்வொரு பந்துக்கும் தொண்டை கிழியக் கத்தினார்கள். எங்கள் பக்கம் சத்தமே இல்லை. பாதி ஆட்டத்தில் அவர்களில் ஒருத்தி நடுவரிடம் போய், "சார், இவங்க ஏதோ சிக்னல் குடுக்குறாங்க" என்று புகார் சொன்னாள். நடுவர் வந்து விசாரித்தார். மேரி அக்கா அவரிடம், "நாங்க பேசிக்கிறோம் சார். பேசக் கூடாதுன்னு ரூல் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றார் நடுவர். ஆட்டம் தொடர்ந்தது. தோற்றுப்போனோம். திரும்பும் பஸ்ஸில் மேரி அக்கா கேட்டது ஒன்றுதான்: "அந்தப் புள்ளைக கத்துறப்ப மூச்சு எப்ப விடுதுக?"

சென்ற ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு நான் மைதானத்துக்குப் போனேன். யார் வருவார்கள் என்று தெரியாது. பையன்கள் ஸ்டம்பு ஊன்றியிருந்தார்கள். காளியம்மாள் அக்கா வந்தார். அப்புறம் இன்னும் இருவர். மற்ற இருவரை வீட்டில் விடவில்லை. "நெஞ்சு வெடிச்சுச் செத்துப்போவேன்னு எங்க ஆளும்தான் சொன்னாரு. மில்லுக்குப் போகையில ஒருநாளும் சொன்னதில்ல" என்றார் காளியம்மாள் அக்கா. ஏழு பேர் ஆட்டத்துக்கு நாலு பேர். "இன்னிக்கும் வெளாடப் போறீங்களாக்கா?" என்று அணித் தலைவன் கேட்டான்.

அப்போது மேரி அக்காவின் கணவர் அந்தோணி அண்ணன் சைக்கிளில் வந்தார். இத்தனை நாளில் அவர் மைதானப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஒரு பையை என்னிடம் நீட்டினார். "வீட்ல கெடந்துச்சு. ஒங்க சாமான்தான்னு நெனைக்கிறேன்." உள்ளே சுருட்டிய வலை, அதற்கு அடியில் கடை அட்டைகூடப் பிரிக்காத ஒரு நீல நிற ரப்பர் வளையம். வலைக்கு மேலாக எறிந்து பிடிக்கிற ரிங் ஆட்டத்துக்கானது. மேரி அக்கா அதை வாங்கியது எங்களில் யாருக்கும் தெரியாது.

"இத எப்படிப் பிடிப்பாக?" என்றார் காளியம்மாள் அக்கா. பள்ளிக்கூடத்தில் எங்கள் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டதால் எனக்கும் தெரியாது. போனை எடுத்துப் பார்த்தேன். ஒரு கையால் மட்டுமே பிடிக்க வேண்டுமாம். த்ரோபால் பழகிய நாங்கள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே இருந்தோம். ஒவ்வொரு தடவையும் தப்பு. பையன்கள் ஸ்டம்பைப் பிடுங்காமல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தோணி அண்ணன் வலைக் கம்பம் சாயாமல் ஐந்தரை வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

மேரி அக்காவிடமிருந்து எனக்கு மிச்சமிருப்பது அந்த வளையம். இப்போது என் மில் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் இருக்கிறது. விதிகளை முழுவதும் படித்துவிட்டேன். நாலு பேர் ஆடலாம். நாலு பேரும் வராவிட்டால் இரண்டு பேரே ஆடலாம். மற்றவர்களை வீட்டில் நிறுத்திவைக்க உங்களால் முடியலாம். நானும் காளியம்மாள் அக்காவும் ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு அங்கே இருப்போம்.