பள்ளத்தோடு வரைந்த கார்

கிழிந்த ஃப்ளெக்ஸ் துண்டு ஒன்றைத் தரையில் விரித்து, அச்சடித்த பக்கத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்கிறார் நாகஜோதி. எதிரே ஒரு பழைய அம்பாசடர். பென்சிலை உடனே எடுப்பதில்லை. முன்விளக்குக்கு நேராகத் தலையைத் தாழ்த்தி, கால் மரத்துப்போகும் வரை பார்க்கிறார்.

கவிழ்த்துப் போடுவதற்குக் காரணம் உண்டு. ஊரெல்லாம் கட்டியிருக்கும் விழா ஃப்ளெக்ஸ்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. பஸ் ஜன்னல் வழியாகவும் சண்டை போடுவார்: "இம்புட்டுத் தலைய ஒட்டிருக்கான், ஒருத்தருக்காச்சும் கழுத்து இருக்கா பாருங்க!"

பிறந்தது பேரையூர். இப்போது கே.கே. நகரில் ஒரு மாடி அறை. பழைய கார்ப் பிரியர்களுக்காக ஸ்டிக்கர், டி-ஷர்ட், சாவிக்கொத்து செய்து ஒரு விற்பனைத் தளத்தில் கடை வைத்து விற்கிறார். வரையக் கற்றுக்கொடுத்தவர் யாருமில்லை; வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து வந்த கை. கம்பெனியின் பெயரையும் சின்னத்தையும் அவர் தொடுவதில்லை. "அது அவுகளோடது. ஆனா இந்தப் பள்ளம் பால்பாண்டி அண்ணனோடது" என்பார். பால்பாண்டி திருமங்கலத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். அவருடைய வண்டியின் பானெட்டில் தேங்காய் விழுந்த பள்ளம் ஒன்று இருக்கிறது. நாகஜோதி அதையும் சேர்த்தே வரைந்தார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. முதல் ஸ்டிக்கர் வண்டிக்காரருக்கு. தானே போய்ப் பின்கண்ணாடியில் ஒட்டிவிட்டு வந்த பிறகுதான் விற்பனை.

போன மாதம் அந்தப் படம் வேறொருவரின் டி-ஷர்ட்டில் அதே தளத்தில் விற்பனைக்கு வந்தது. தேங்காய்ப் பள்ளம் அப்படியே இருந்தது. "திருடுறவன் அதையாச்சும் டிங்கர் பாத்திருக்கலாம்ல?" என்று சிரித்துக்கொண்டே புகார் எழுத உட்கார்ந்தார். அதற்குள் அந்த ஆள் முந்திக்கொண்டு, இவர்தான் தன் படத்தைத் திருடினார் என்று புகார் கொடுத்துவிட்டான். தளம் நாகஜோதியின் கடையை மூடியது. படம் முதலில் உங்களிடம்தான் இருந்தது என்பதற்கு ஆதாரம் அனுப்புங்கள் என்றது.

ஆதாரம் இருந்தது, கெட்டுப்போயிருந்தது. புதுக் கணினிக்கு மாற்றியபோது படக்கோப்புகளின் தேதியெல்லாம் மாற்றிய நாளுக்கே போய்விட்டது. வருமானம் நின்றதைவிட, திருடி என்ற பெயர்தான் அவரை அறுத்தது. சோறு இறங்கவில்லை. கடைசியில் பால்பாண்டிக்குப் போன் போட்டார்.

"அண்ணே, நம்ம ஸ்டிக்கர் எப்ப ஒட்டுனோம்னு ஞாபகம் இருக்கா?"

"தேதிய யாரு கண்டா தாயி? எங்க அக்கா பேத்தி காதுகுத்துக்கு முந்தி. சீரு நம்ம வண்டியிலதான போச்சு!"

"போட்டோ எதுவும் எடுத்தீகளா?"

"எடுக்காமயா? இந்தா அனுப்புறேன்."

படம் வந்தது. மண்டப வாசலைப் பார்த்து நிற்கும் கார். அதன் பின்னால் சீர்த்தட்டுகளோடு பெண்கள். பின்கண்ணாடியில் நாகஜோதியின் ஸ்டிக்கர். காருக்கு முன்னே, வாசலை அடைத்துக் கட்டிய பிரம்மாண்டமான ஃப்ளெக்ஸ். கழுத்தில்லாத தலைகளுக்கு நடுவே, அந்த விழாவின் நாளும் வருடமும் முழம் உயர எழுத்தில். திருட்டு டி-ஷர்ட் வெளிவருவதற்கு நெடுநாள் முந்தைய தேதி.

படத்தை அனுப்பிய அடுத்த வாரம் கடை திறந்தது. அந்த டி-ஷர்ட் தளத்திலிருந்து மறைந்தது. நாகஜோதி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பழைய சோறும் ஊறுகாயுமாக வயிறு முட்டச் சாப்பிட்டுப் பகலிலேயே தூங்கிப்போனார்.

இந்த வாரம், அதே காரைப் பக்கவாட்டில் வரையத் திருமங்கலம் போயிருந்தார். வண்டி மூடிக்கிடந்தது. மேலே போர்த்தியிருந்தது அதே காதுகுத்து ஃப்ளெக்ஸ்.

"மழைக்கு நல்லாத் தாங்குது" என்றார் பால்பாண்டி. "உருவித் தரையில போட்டு உக்காரு தாயி. நீ எப்பவும் உக்கார்றதுதான?"

நாகஜோதி அதை உருவவில்லை. ஒரு முனையை அவர் கையில் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்து, முகங்களில் மடிப்பு விழாமல் நீளவாக்கில் மடித்தார். முந்தானையால் தூசியைத் தட்டிப் பின்சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார். பிறகு வெறுந்தரையில் உட்கார்ந்து பென்சிலை எடுத்தார்.