தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர் தோமான்

கருவேப்பிலங்குறிச்சியில் என் மாமியார் வீட்டுக் கூடத்தில், மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன் படம் மாட்டியிருக்கிறது. அந்த மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருப்பவர் என் சகலை லூர்துராஜ். அதே ஆணியில் முன்பு எங்கள் கல்யாணப் படம் இருந்தது. போன கிறிஸ்துமஸுக்குப் போய்ப் பார்த்தால் அது டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. நான் இந்தப் பயணம் போனதற்கு வேறு காரணமே கிடையாது. மழைக்காடு, மன அமைதி என்றெல்லாம் எனக்கும் எழுதத் தெரியும். ஆனால் போனது பொறாமையில்தான்.

லூர்து சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறார். வருடத்துக்கு ஒருமுறை மலேசியாவின் வடக்கே தெமெங்கோர் ஏரிக்குப் போய் மீன் பிடிப்பார். அங்கே தோமான் என்று ஒரு மீன். நம்ம ஊர் விராலுக்குப் பெரியப்பா மகன் மாதிரி இருக்கும், ஆனால் ஆள் உயரத்தில் பாதி வளரும். லூர்து பிடித்தது எண்பத்தெட்டு சென்டிமீட்டர். விருந்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் மாமியார் அந்த எண்ணை மனப்பாடமாகச் சொன்னார். நான் விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வைத்திருக்கிறேன். அகல் விளக்கு, பொம்மை எல்லாம் செய்கிறோம். அந்த வீட்டு ஷோகேஸ் முழுக்க என் பொம்மைகள்தான். அவற்றைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிரியாணி இலையை மடிக்கும்போது, அடுத்த தடவை நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். லீவுக்கு வந்திருந்த லூர்து துள்ளிக் குதித்தார். அந்த மனுஷனிடம் எனக்குப் பிடிக்காத குணமே இதுதான், நாம் என்ன சொன்னாலும் சந்தோஷப்படுவார்.

ஜனவரியில் சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்த யாரிடமோ எனக்கு ஒரு ஃபிளை ராடு, அதாவது தூண்டில் கோல், கொடுத்து அனுப்பினார். அதையும் அவரே வாங்கிக் கொடுத்ததில் எனக்கு இன்னும் எரிச்சல். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஃபிளை ஃபிஷிங்கில் புழு, இரை எதுவும் கிடையாது. முள்ளில் இறகைச் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டியிருப்பார்கள். அதற்கு எடையே இல்லாததால் தடித்த நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி, நூலின் வேகத்தில்தான் பூச்சியைத் தூரத்துக்கு அனுப்ப வேண்டும். பட்டறை முற்றத்தில் பழகினேன். முதல் வாரத்தில் காயப்போட்டிருந்த பலகையிலிருந்து இன்னும் சூளைக்குப் போகாத நான்கு பச்சை மண் யானைகளை இழுத்துக் கீழே தள்ளினேன். கார்த்திகை விளக்கு சீசன் முடிந்த நேரம் என்பதால் வேலைக்காரர்களுக்கு வேடிக்கை பார்க்க நேரம் இருந்தது.

பிப்ரவரி கடைசியில் கிளம்பினேன். விருத்தாசலத்திலிருந்து திருச்சிக்கு ரயிலில் சுமார் 125 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம், போக வர 14,500 ரூபாய். லூர்து சிங்கப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து விமான நிலையத்தில் எனக்காக இட்லிப் பொட்டலத்தோடு நின்றார். அங்கிருந்து வாடகைக் காரில் வடக்கே கெரிக் ஊருக்கு முந்நூறு கிலோமீட்டர். அதற்குமேல் படகுத்துறைக்கு நாற்பது. கடைசி நாற்பதில் செல்போன் சிக்னல் விட்டுவிட்டு வந்தது, பிறகு வரவே இல்லை.

வழிகாட்டியின் பெயர் குமரன், மலேசியத் தமிழர். படகு வீட்டில் மூன்று நாள் தங்கல், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 2,400 மலேசிய ரிங்கிட். ஏரி காட்டுக்குள் கை கையாகப் பிரிந்து போகிறது. மூழ்கிய மரங்கள் தண்ணீருக்கு வெளியே மொட்டையாக நிற்கின்றன. காலையில் குரங்குகள் கூவுகிற சத்தம் நம்ம ஊர் கோயில் மேளத்தையே தோற்கடிக்கும். இருவாட்சிப் பறவை தலைக்கு மேலே பறந்தால் இறக்கைச் சத்தம் தனியாகக் கேட்கிறது. நான் இதையெல்லாம் பார்த்தேன் என்றாலும் பாதிக் கண் எப்போதும் லூர்துவின் ராடு மேலேதான் இருந்தது.

தோமான் காற்றுக் குடிக்கத் தண்ணீருக்கு மேலே வரும். ஒரு வளையம் விழும். அந்த வளையம் மறைவதற்குள் பூச்சி அங்கே போய் விழ வேண்டும். படகின் முன்பக்கத்தில் ஒருவர்தான் நிற்க முடியும், மற்றவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவோம். முதல் நாள் லூர்து இரண்டு பிடித்தார், இரண்டும் சின்னது. எனக்கு ஒரு மரக்கிளை மாட்டியது. இரண்டாம் நாள் அவருக்கு ஒன்று, எனக்கு என் தொப்பி. ராத்திரி சாப்பிடும்போது அவர் என் வீச்சு நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார்.

மூன்றாம் நாள் பத்து மணிக்கு என் முறை முடிந்து நான் உட்காரப் போனேன். லூர்து எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, நீங்களே நில்லுங்க. நான் தான் வருசா வருசம் வரேனே."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, நின்றேன். கொஞ்ச நேரத்தில் இடது பக்கம், ஒரு பட்ட மரத்தின் அடியில், தாம்பாளம் அகலத்துக்கு ஒரு வளையம் விழுந்தது. "போடுங்கண்ணே" என்றார் குமரன். போட்டேன். இழுத்தேன். தண்ணீர் குழிந்தது. அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கு ஞாபகம் இருப்பது, நூல் ஓடி விரலைக் கீறியதும், பின்னாலிருந்து லூர்து என் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டதும்தான்.

குமரன் மீனைத் தண்ணீரிலேயே வைத்து டேப்பால் அளந்தார். தொண்ணூற்றிரண்டு. எனக்குக் கேட்டது மீனின் நீளம் இல்லை, லூர்துவின் எண்பத்தெட்டுக்கு மேலே இருந்த அந்த நான்கு சென்டிமீட்டர்தான். லூர்து கண் கலங்கி என்னைக் கட்டிப்பிடித்தார். படம் எடுக்க மீனைத் தூக்கியபோது அது ஒரு உதறு உதறியது. என் கை வழுக்கியது. லூர்து பாய்ந்து வாலைப் பிடித்தார். குமரன் கிளிக் செய்தது அந்த நொடியில். உடனே தண்ணீரில் விட்டுவிட்டோம், அங்கே அதுதான் விதி. மறுபடி ஒரு படத்துக்கு வழியில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பிப்ரவரி, மார்ச் மழை குறைந்த காலம். அட்டைக் கடிக்கு முழங்கால் வரை காலுறை கட்டாயம். விரலுக்கு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வீசுங்கள். ரிங்கிட்டை கோலாலம்பூரிலேயே மாற்றிக்கொள்ளுங்கள், ஏரியில் கார்டு செல்லாது. முக்கியமாக, மீனை நீங்கள் மட்டும் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

ஏனென்றால் ஊருக்கு வந்து மாமியாரிடம் படத்தைக் காட்டியதும் அவர் சொன்னது, சின்ன மாப்பிள்ளை இந்தத் தடவையும் பிடித்துவிட்டாரா என்பதுதான். நான் பிடித்தது என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்து, ஆமாம், நீங்களும் நிற்கிறீர்கள் என்றார். என் மனைவி ஸ்டெல்லா சிங்கப்பூருக்கு போன் போட்டு அம்மாவிடம் கொடுத்தாள். லூர்து சத்தியம் செய்யாத குறையாக, அது அண்ணன் பிடித்த மீன் என்று சொன்னார். மாமியார் போனை வைத்துவிட்டு ஸ்டெல்லாவிடம் திரும்பினார்.

"பாத்தியா பெருந்தன்மைய. தான் புடிச்சத அடுத்தவங்களுக்கு வுட்டுக் குடுக்கறதுக்கு ஒரு மனசு வேணும்."

அன்று இரவே முடிவு செய்தேன். நமக்குத்தான் பட்டறை இருக்கிறதே, மீனையே அசல் அளவில் பீங்கானில் செய்து அந்தக் கூடத்தில் மாட்டிவிடலாம். மாடல் செய்யும் சேகரைக் கூப்பிட்டுப் படத்தைக் கொடுத்தேன். எங்கள் மண் சூளையிலிருந்து வெளியே வரும்போது பத்தில் ஒரு பங்கு சுருங்கிப்போகும். அதனால் பட்டறையில் அளவு சொல்பவர் அந்தச் சுருக்கத்தைக் கூட்டித்தான் சொல்வார், மாடல் செய்பவர் மறுகேள்வி கேட்க மாட்டார். எங்கள் ஊர் முழுக்க இதுதான் வழக்கம். நானே பல வருடமாக அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் இந்த மீன் விஷயத்தில் ஒரு விரல்கடைகூடக் கூட்டிச் சொல்லக் கூடாது என்று எனக்குள் ஒரு வீம்பு. தொண்ணூற்றிரண்டு என்றேன். சேகர் தலையாட்டினார்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் சூளை திறந்தோம். செதில், புள்ளி, பல் எல்லாம் அச்சு அசல். டேப் வைத்தேன். எண்பத்து மூன்று.

"நீங்க கூட்டித்தான சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன் மொதலாளி," என்றார் சேகர்.

வேறு செய்ய நேரமில்லை. ஸ்டெல்லா எல்லோரிடமும் முன்பே சொல்லி வைத்திருந்ததால் கொண்டுபோகாமல் இருக்கவும் முடியவில்லை. மாமியார் அதை இரண்டு கையாலும் வாங்கி, தடவிப் பார்த்து, லூர்து படத்துக்கு நேர் கீழே ஆணி அடிக்கச் சொன்னார்.

"நல்லா செஞ்சிருக்கீங்க மாப்ள. லூர்து மீன அப்டியே உரிச்சி வெச்சிருக்கீங்க. கொஞ்சம் சின்னதா பூட்டுது, பரவால்ல வுடுங்க."

அதனால் கடைசியாக ஒரு யோசனை. பிடித்த மீனின் நீளத்தை யாரிடம் சொன்னாலும் பத்து சதவீதம் கூட்டிச் சொல்லுங்கள். நான் கூட்டாமல் விட்டேன். இப்போது அந்தக் கூடத்தில் என் சகலைக்கு இரண்டு மீன் இருக்கிறது.