வேறு வீட்டில் ஒரு பிரதி

அலுவலகத்தில் தரவுகளைப் பாதுகாப்பது என் வேலை. மூன்று பிரதிகள், இரண்டு கருவிகள், ஒன்று வேறொரு கட்டடத்தில். திருச்செங்கோட்டில் நான் தனியாக இருக்கும் வீட்டில் இந்த விதியைக் கடைப்பிடிக்கவில்லை. போர்வெல் லாரியில் ஊர் ஊராகப் போன அப்பா, இறப்பதற்கு முன் அனுப்பிய குரல் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தேன். பிரதி எடுத்த ஹார்ட் டிஸ்க்கையும் அதிலேயே செருகியிருந்தேன். வேறு வீட்டில் கொடுத்துவைக்க எனக்கு யாரும் இல்லை.

ஒரு மழை நாளில் இடி இறங்கி இரண்டும் எரிந்தன.

அப்பாவுடன் வேலை பார்த்த பழனிச்சாமி மாமாவிடம், அப்பா அனுப்பியது ஏதாவது இருக்கிறதா என்று தயங்கித்தான் போனில் கேட்டேன். மறுநாளே மனைவியோடு வந்தார். அவர் போனில் அப்பாவின் குரல் பதிவு ஒன்று இருந்தது.

“பழனி, லீவுலதான இருக்கற? புள்ள சாப்பிட்டாளான்னு ஒரு எட்டு போய்ப் பாரு. நான் கேட்டா சலிச்சுக்கறா.”

“அன்னிக்கு நான் வரவே இல்ல சாமி,” என்றார் மாமா. பிறகு மெதுவாக, “சாப்பிட்டியா?” என்றார்.

“இல்ல மாமா,” என்றேன். டிஸ்க்கை வேறு வீட்டில் கொடுத்துவைக்க ஆளில்லாமல் போனதையும் சொன்னேன்.

“ஒரு டிஸ்க்கு வெக்க எங்க ஊட்ல எடமில்லையாக்கும்?” என்றார் அத்தை.

இப்போது ஒரு பிரதி அவர்கள் பீரோவில் இருக்கிறது. அதைச் சரிபார்க்க மாதம் ஒருமுறை போகிறேன். இருப்பது அந்த ஒரே பதிவு, ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்புகிறேன்.