ஓசூரில் வியர்த்தால்

ஓசூரில் யாருக்கும் அவ்வளவு எளிதில் வியர்ப்பதில்லை. இருபத்திரண்டு வருடங்களாக இங்கே இருக்கிறேன். இன்றும் எனக்கு இது விநோதமாகத்தான் படுகிறது. கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் அதிகாலையில் எதிரே இருப்பவர் குல்லாயும் மூச்சுப் புகையுமாகத்தான் தெரிவார். நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் சும்மா உட்கார்ந்திருந்தாலே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். மாநிலத்தைத் தாண்டாதவனெல்லாம் புலம்பெயர்ந்தவனா என்று ஊரிலிருந்து படிப்பவர்கள் கேட்கலாம். வியர்வையை விட்டு வந்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் நெஞ்சு வலி வந்தது. வலி என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு கனம், தாடையில் ஓர் இழுப்பு. அத்திப்பள்ளி தாண்டி, கர்நாடகப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்டென்ட் வைத்தார்கள். இதயத்தைப் பார்க்கப் போன இடத்தில்தான் சர்க்கரையும் பிடிபட்டது. எத்தனை வருடமாக உள்ளே இருந்ததோ, ஒருநாளும் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில்லை. என் மனைவி செல்வி கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, "போதுங்க, ஊருக்கே போயிருவோம்" என்றாள். அக்கா வீட்டை ஒட்டி எங்களுக்கு ஓர் அறை இருக்கிறது. மகள் படிப்பு முடிந்ததும் போய்விடலாம் என்றேன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இங்கே நாட்களைத் தள்ளினாள்.

ஒரு மாதம் லீவு போட்டதால் கம்பெனியில் இதயத்தை மறைக்க முடியவில்லை. சர்க்கரையை மறைத்தேன். இரண்டும் உண்டு என்று தெரிந்தால் பிரஸ் மெஷினிலிருந்து எடுத்துவிடுவார்கள், பிறகு கேட்டுக்கு வெளியேயும் அனுப்பிவிடுவார்கள் என்று பயம். விடியுமுன் வீட்டிலேயே சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்புவேன். எட்டு மணிக்கு கேன்டீனில் டிபன். வருடக்கணக்கில் அப்படியே ஓடியது.

போன தை மாதத்தில் ஒருநாள், லாரி காத்திருக்கிறது என்று சூப்பர்வைசர் லைனை நிறுத்தவில்லை. எட்டரை ஆனது, ஒன்பது ஆனது. சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எதற்கும் கேட்டுப் பழகாதவன் நான். பக்கத்து மெஷினில் பஷீர் அண்ணன், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்லாவி ஊர்க்காரர். அவர்தான் முதலில் பார்த்தார்.

"என்னப்பா, மூஞ்சியில தண்ணி ஊத்துது? உங்கூரு வெயில கையோட கூட்டியாந்துட்டயா?"

சிரித்தவர் சில்லிட்டிருந்த என் கையைத் தொட்டதும் சிரிப்பை நிறுத்தினார். முதலுதவி அறைக்கு நடத்திப் போனார். அங்கே நர்ஸ் ஒரு கன்னடப் பெண். "திண்டி ஆய்த்தா அண்ணா?" என்று கேட்டாள். டிபன் ஆயிற்றா என்று இங்கே பார்த்தவுடன் எல்லோரும் கேட்பதுதான். சாப்பிடவில்லை என்று சொன்னால் கேட்டவருக்குச் சங்கடம் என்று ஊரிலும் சாப்பிட்டாச்சு என்றே சொல்லி வளர்ந்தவன். வாய் தானாக "ஆய்த்து" என்றது. அவளுக்கு என் ஸ்டென்ட் மட்டும்தான் தெரியும். மறுபடி இதயம்தான் என்று ஆம்புலன்ஸில் ஏற்றி, பஷீர் அண்ணனோடு அவளும் ஏறிக்கொண்டாள்.

மாநில எல்லையில், ஜுஜுவாடி அருகே லாரிகளுக்கு நடுவில் வண்டி நின்றுவிட்டது. முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. மார்பில் ஸ்ட்ரெச்சர் பட்டை கட்டிப் படுத்திருந்தேன். சர்க்கரை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று தெரிந்தது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் என்ன போகும் என்று யோசிக்கும் தெளிவு இல்லை. பஷீர் அண்ணன் என் சட்டையைத் தளர்த்தும்போது, மதியத்துக்கு வைத்திருந்த மாத்திரை அட்டை பையிலிருந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தார்.

"சிஸ்டர், இது சுகர் மாத்திரைங்க. எங்கூட்லயும் இதேதான்."

அவள் என் விரலைக் குத்தினாள். சர்க்கரை நாற்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. வாயில் குளுக்கோஸைக் கரைத்து ஊற்றிக்கொண்டே, "திண்டி ஆய்த்து அந்த ஹேளித்ரல்லா அண்ணா" என்றாள். சாப்பிட்டாச்சென்று சொன்னீர்களே என்று கேட்டாள். அவள் கை நடுங்கியது. என் கை நடுங்கவில்லை. அதுதான் ஆபத்து என்று அப்போது தெரியாது.

டாக்டர் பிறகு விளக்கினார். சர்க்கரை இறங்கினால் மற்றவர்களுக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். நான் இதயத்துக்குப் போடும் மாத்திரை அந்த இரண்டையும் அமுக்கிவிடலாம். மிஞ்சுவது வியர்வை. ஏறுவதைப் போல இறங்குவதும் இந்த இதயத்துக்குக் கெடுதல். சர்க்கரை மாத்திரையைக் குறைத்து, சாப்பாட்டோடுதான் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார், நிறுத்தவில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைக்கும் தேதி கொடுத்தார். "வேர்த்தா யோசிக்காதீங்க. குத்திப் பாருங்க" என்றார்.

கம்பெனியில் உண்மையைச் சொன்னேன். அனுப்பிவிடவில்லை, ஸ்டோரில் பகல் வேலைக்கு மாற்றினார்கள். குளிர்ந்த ஊர் என்பதால் வியர்வை தப்பாமல் எனக்குச் சேதி சொன்னது. இரண்டு முறை வியர்த்தது. இரண்டு முறையும் சர்க்கரை இறங்கியிருந்தது. பையிலிருந்த குளுக்கோஸ் பொட்டலம் காப்பாற்றியது.

மகள் படிப்பு இந்தச் சித்திரையில் முடிந்தது. அறையைப் பார்த்து வர ஊருக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே வியர்த்தது. குத்திப் பார்த்தேன், நூற்று நாற்பது. வெறும் வெயில். அரை மணி நேரத்தில் மறுபடி கழுத்தெல்லாம் நனைந்தது. இது ஊருடையதா, உடம்புடையதா? மறுபடி குத்தினேன். சாப்பிடும்போது, சாப்பிட்ட பின், பக்கத்து வீட்டார் பேச வந்தபோது. ஐந்தாவது முறை அக்கா பொறுக்காமல் கேட்டாள்.

"ஏன்டா தம்பி, இது நம்மூரு வேர்வடா. இதுக்குமா ரத்தம் பாப்ப?"

செல்வி என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவளே அறையைப் பூட்டி, சாவியை அக்காவிடம் கொடுத்தாள். ஊரில் குடியேறும் பேச்சு அதோடு முடிந்தது.

திரும்பும் பஸ் கிருஷ்ணகிரியைத் தாண்டும்போது விடிந்துகொண்டிருந்தது. சூளகிரி ஏற்றத்தில் குளிர்காற்று ஜன்னல் வழியே அடித்தது. செல்வி முக்காடு போட்டுக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள். எனக்கு மூச்சு இலகுவானது. அப்படி ஆனதற்காக வெட்கமாகவும் இருந்தது. நெற்றியைத் தடவினேன். வியர்வை காய்ந்துவிட்டிருந்தது. உப்பு மட்டும் விரலில் ஒட்டியது. குத்திய இடங்களில் அது எரிந்தது.