நெடுந்தீவிலிருந்து ஒரு நன்றிக் கடிதம்

நெடுந்தீவுக்குப் போக நினைப்பவர்கள் என்னிடம் வழி கேட்கிறார்கள். நான் முதன்முதல் போன பயணத்தையே சொல்லிவிடுகிறேன். 1980 ஆவணி, பள்ளி விடுமுறை. நான் போனது இடம் பார்க்க அல்ல, ஒரு பெண்ணின் மனத்தை மாற்ற.

திரேசா, நான் ஆசிரியராகச் சேர்ந்த வருடம் ஊர்காவற்றுறையில் என்னிடம் படித்தவள். நெடுந்தீவில் இரண்டு வருடமாகப் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது. அவளுடைய அண்ணன் அந்தோனி, கடற்றொழிலாளி, பல வாசல் ஏறி இறங்கி அவளுக்கு யாழ்ப்பாண நகரத்துக்கு மாற்றம் எடுத்திருந்தார். சம்மதக் கடிதத்தைச் சுகாதார அலுவலகத்தில் கொடுக்க, நாங்கள் போன அன்றைக்கு மறுநாள் கடைசி நாள். அவளோ கையெழுத்துப் போடவில்லை.

"நீங்கள் சொன்னால் கேட்பாள், மாஸ்டர்" என்று அந்தோனி என்னையும் கூட்டிக்கொண்டார்.

யாழ்ப்பாணத்தில் காலை 6.10 பஸ். அந்தோனி வேலணையில் ஏறினார். குறிகட்டுவான் துறைக்கு ஏறக்குறைய இருபது மைல், 7.40க்குச் சேர்ந்தோம். பஸ்ஸுக்கு இரண்டு ரூபா பத்துச் சதம், படகுக்கு மூன்று ரூபா. நயினாதீவு என்றால் கால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம். நெடுந்தீவுக்கு ஒன்றேகால் மணி. தென்மேற்கிலிருந்து அடித்த சோழகக் காற்றில் நான் இரண்டு முறை வாந்தி எடுத்தேன்.

"ஆரிட்டைப் போறியள்?" என்றார் படகோட்டி.

"திரேசாவிட்டை."

"கூட்டிக்கொண்டு போகவோ? அப்ப இஞ்சையே இறங்குங்கோ" என்று நடுக்கடலைக் காட்டினார்.

துறையிலிருந்து ஒன்றரை மைல் நடை. இருபுறமும் சாந்து பூசாத கல்மதில்கள். திரேசா தன் வீட்டில் தேநீர் தந்தாள். அந்தோனி குடிக்கவில்லை.

"எத்தினை பேரின்ரை காலைப் பிடிச்சனான். உனக்கு நன்றியே இல்லையே?"

"இருக்கு அண்ணை. நன்றி எண்டால் சொன்னபடி போறதுதான் எண்டு ஆர் சொன்னது?"

என் வழக்கப்படி நான் ஓர் உதாரணம் சொன்னேன். "ஒரு பிள்ளைக்கு நல்ல பேனை ஒண்டு குடுக்கிறம். அது சந்தோசமா வாங்கினால்தானே திருப்தியா எழுதும்?"

"சேர், பேனை வேணுமோ எண்டு அந்தப் பிள்ளையிட்டைக் கேட்டனீங்களே?"

வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தை அவள் காட்டினாள்.

"பக்கத்து வளவு அக்கா கொண்டுவாறது. போன மாதம் அவவின்ரை பிள்ளை செத்தது. கரைக்குக் கொண்டுபோக அந்த நேரம் ஒரு வள்ளம் கிடைக்கேல்லை. எண்டாலும், விடியுமட்டும் பக்கத்திலை இருந்தனீர் எண்டு ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணி கொண்டுவந்து வைக்கிறா. எனக்கு இஞ்சை திருப்தி, சேர். ஆனா வாயை மூடிக்கொண்டிருக்கிற திருப்தி இல்லை."

அங்கேயே தாள் எடுத்து எழுதினாள். மாற்றம் தந்ததற்கு நன்றி, அது வேண்டாம், பதிலாக அந்தர அவசரத்துக்கு நோயாளரைக் கொண்டுபோக ஒரு மோட்டார் வள்ளம் தரவேண்டும்.

"இதை ஆர் கொண்டுபோய்க் குடுக்கிறது?" என்றார் அந்தோனி.

"நீங்கள்தான். உங்களைத்தானே அங்கை எல்லாருக்கும் தெரியும்."

சரிபார்க்க என்னிடம் நீட்டினாள். ஓர் எழுத்தும் திருத்தாமல் கொடுத்தேன். அந்தோனி வாங்கிக்கொண்டார்.

திரும்பும் படகு 2.30க்கு. நாங்கள் இருவரும் மட்டும் ஏறுவதைக் கண்டதும் படகோட்டி நனையாமல் போர்த்தும் தறப்பாளை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். அந்தோனி அதை என் மேல் போட்டார். மடியிலிருந்த பொலித்தீன் பையிலிருந்து புகையிலையைக் கொட்டிவிட்டு, அதில் கடிதத்தைச் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, முதுகைக் காற்றுக்குக் கொடுத்தபடி இருந்தார். குறிகட்டுவானில் இறங்கியபோது அவர் உடம்பில் நனையாமல் இருந்தது அந்தக் கடிதம் ஒன்றுதான்.

"நாளைக்கு நானே குடுக்கிறன்" என்றார். "விசர்ப் பெட்டை."

வள்ளம் வந்ததா என்று கேட்பீர்கள். நான் ஊர்காவற்றுறைப் பள்ளியை விட்டு மாறும்வரை வரவில்லை. திரேசா மேலும் இரண்டு கடிதம் எழுதினாள். அவற்றையும் அந்தோனிதான் கொண்டுபோனார். உள்ளதைக் கொண்டு திருப்தியாக இரு என்று அதற்குப் பிறகு நான் எந்தப் பிள்ளைக்கும் சொன்னதில்லை.

போகிறவர்களுக்கு: நான் சொன்ன நேரமும் கட்டணமும் அந்தக் காலத்தவை. துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். சோழகக் காலத்தில் காலைச் சாப்பாட்டைக் குறையுங்கள். அங்குள்ளவர்களைப் பார்த்துப் பாவம் என்று சொல்லாதீர்கள். என்ன வேண்டும் என்று கேளுங்கள். பதில் நீளமாக இருக்கும். எழுதத் தாள் கொண்டுபோங்கள், அது நனையாமலிருக்க ஒரு பொலித்தீன் பையும்.